எழுத்தறிவு மிக்க நாட்டில் எட்டாத சுகாதார அறிவு

தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை ஆரம்பிக்கும் மே, ஜூன் மாதங்களிலும், ஆண்டின் இறுதியில் மழை மீண்டும் வலுக்கும் வேளையிலும் கொழும்பு மாநகரில் டெங்குக் காய்ச்சல் தலைதூக்குவது வழமையாகிவிட்டது. வெள்ளவத்தையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஏறி இறங்குகின்றனர். புகை விசிறும் இயந்திரங்களின் இரைச்சல் ஒழுங்கைகளை நிறைக்கிறது. தேங்கிய நீரை அகற்றாதோருக்கு எதிராக 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்படுகிறது. பத்திரிகைகளாகிய நாமும் எமது பங்குக்கு நோயாளர் எண்ணிக்கையை வெளியிடுகின்றோம். மழை ஓய்ந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன.

இவை யாவும் நுளம்பைப் பற்றியவை. நோய் வந்துவிட்ட வீட்டில் அடுத்த ஐந்தாறு நாட்களில் என்ன நடைபெறுகிறது என்பது பற்றி நாம் போதியளவு பேசுவதில்லை. உயிர் பிழைப்பதும் பிழைக்காமற் போவதும் பெரும்பாலும் அந்த நாட்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

டெங்கு ஏனைய காய்ச்சல்களைப் போன்றதன்று. சாதாரண காய்ச்சலில் உடற்சூடு தணிந்தால் நோய் தணிந்தது என்று பொருள். டெங்குவில் அபாயம் தொடங்குவதே காய்ச்சல் தணியும் வேளையில்தான். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்குகிறது. நோயாளி எழுந்து உட்காருகிறார். வீட்டாரும் நிம்மதி அடைகின்றனர். ஆனால் சிலரில் அதே வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பாயம் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேரத் தொடங்குகிறது. இக்கசிவு ஒரு நாளிலிருந்து இரண்டு நாட்கள் வரை நீடிக்கலாம். கடும் வயிற்றுவலி, தொடர்ச்சியான சத்தி, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல், அமைதியின்மை அல்லது மிகுந்த சோர்வு, முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ குருதி கசிதல் ஆகியன அதன் அறிகுறிகள். உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தால், ஏற்றப்படும் திரவத்தை மணிக்கணக்கில் அளந்து கட்டுப்படுத்துவதன் மூலம் நோயாளியைக் காப்பாற்றிவிட முடியும். தாமதித்தால் அதிர்ச்சி நிலைக்குச் சென்று உள்ளுறுப்புகள் செயலிழக்கின்றன.

காய்ச்சல் விட்டது நல்ல செய்தி என்று நம்பும் தாய் ஒருவரின் தவறு என்ன? தலைமுறை தலைமுறையாக அனுபவம் கற்றுத்தந்ததையே அவர் நம்புகிறார். அந்த அனுபவம் இந்த ஒரு நோயின் விடயத்தில் பிழையானது என்பதை அவருக்கு விளங்கும் வகையில் யாரேனும் கூறியிருக்க வேண்டும். சுகாதார எழுத்தறிவு என்று இன்று உலகெங்கும் பேசப்படும் விடயத்தின் உயிர்நிலை இதுவே.

இலங்கையின் டெங்கு வரலாறு இதனைத் தெளிவாகவே காட்டுகிறது. 2009ஆம் ஆண்டில் ஏறக்குறைய 35 ஆயிரம் பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டு 300க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ நூறு நோயாளருக்கு ஒருவர் என்ற வீதம் அது. 2017ஆம் ஆண்டில் வரலாறு காணாத வகையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ஒவ்வொரு மரணமும் பேரிழப்பே என்றபோதிலும், நோயாளர் தொகை ஐந்து மடங்கு பெருகியிருக்க மரண வீதம் கால்வாசியாகக் குறைந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தேசிய சிகிச்சை வழிகாட்டிகளும், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் அளிக்கப்பட்ட பயிற்சியும், வைத்தியசாலைகளில் ஏற்படுத்தப்பட்ட விசேட கண்காணிப்பு அலகுகளும் இதனைச் சாத்தியமாக்கின. வைத்தியசாலைக்குள் நிகழ வேண்டிய சீர்திருத்தம் பெருமளவு நிகழ்ந்துவிட்டது என்றே கூறவேண்டும். எஞ்சியிருப்பது வீட்டு வாசலுக்கும் வைத்தியசாலை வாசலுக்கும் இடையிலான தூரமாகும். தாமதமாக வந்து சேர்வதே மரணங்களுக்கான முக்கிய காரணங்களில் ஒன்று என வைத்திய நிபுணர்கள் ஆண்டுதோறும் எச்சரித்து வருவது இதனாலேயே.

எழுத்தறிவில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 10 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான மக்களில் 95.7 வீதத்தினர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். தெற்காசியாவில் இது பெருமைக்குரிய இடமாகும். எனினும், எழுத்துக் கூட்டி வாசிப்பது ஒன்று; வாசித்ததைக் கொண்டு தனக்கும் தன் பிள்ளைக்கும் எது நல்லது, எப்போது, எங்கே செல்வது என்று தீர்மானிப்பது இன்னொன்று. செல்வந்த நாடுகளே இவ்விடயத்தில் திகைத்து நிற்கின்றன. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய மதிப்பீட்டில், வயது வந்தோரில் நூற்றுக்கு 36 பேரின் சுகாதார எழுத்தறிவு அடிப்படை மட்டத்திலோ அதற்கும் கீழோ இருந்தது. எட்டு ஐரோப்பிய நாடுகளில் 2011ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் குறைபாடுள்ளவர்களாகவே காணப்பட்டனர். ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் முக்கிய காரணிகளுள் ஒன்றாக இதனை உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு ஷங்காய் பிரகடனம் ஏற்றுக்கொண்டது.

வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இக்குறைபாட்டுக்கு ஒரே முகம் இல்லை என்பது விளங்கும்.

வெள்ளவத்தையில் படித்தவர்கள் அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும், பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க இங்கே மாடிவீடுகளில் தனித்து வாழும் பெற்றோரும் நிறைந்த பகுதி அது. காலி வீதியின் இருமருங்கிலும் மருந்தகங்களும் ஆய்வுகூடங்களும் உள்ளன. நிபுணர்களைக் கட்டணம் செலுத்திச் சந்திப்பதற்கும் வசதியுண்டு. இங்கே தகவலுக்குப் பஞ்சமில்லை. அளவுக்கு மிஞ்சிய தகவலே இங்குள்ள தொல்லை. காய்ச்சல் என்றதும் கைத்தொலைபேசியில் பப்பாசி இலைச் சாறு பற்றிய செய்தி பத்துப் பேரிடமிருந்து வந்து சேருகிறது. வெளிநாட்டிலிருந்து மகன் ஒரு ஆலோசனை கூற, எதிர்வீட்டார் இன்னொன்றைக் கூறுகின்றனர். குருதிப் பரிசோதனை அறிக்கையைத் தாமே பெற்று, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை எவ்வளவு என்பதை மாத்திரம் பார்க்கின்றனர். ஒரு இலட்சத்துக்கு மேல் என்றால் ஆறுதல். கீழே என்றால் கலக்கம். சிறுதட்டு எண்ணிக்கை ஒரு எச்சரிக்கை அடையாளமே. ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீர்ப்பாயக் கசிவு. அதனைக் காட்டுவது குருதியின் தடிப்பு அளவும் நாடியும் குருதி அமுக்கமும் சிறுநீரின் அளவுமாகும். இவற்றை அறிக்கைத் தாளைப் பார்த்து வீட்டிலிருந்தே கணிக்க இயலாது. பப்பாசிச் சாறு டெங்கு மரணத்தைத் தடுக்கும் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. சாறு குடித்தோம், எண்ணிக்கை ஏறியது என்று கூறுவோரை நாமும் சந்தித்திருக்கின்றோம். நோய் தணியும் கட்டத்தில் சாறு குடித்தாலும் குடியாவிட்டாலும் எண்ணிக்கை தானாகவே ஏறும் என்பதை அவர்களுக்கு எவரும் கூறியதில்லை.

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல் போன்ற வடகொழும்புப் பகுதிகளின் நிலைமை வேறு. துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் நாட்கூலிக்கு உழைப்போரும், மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்து ஓரறையில் பலராகத் தங்கியிருக்கும் இளைஞர்களும் இங்கு அதிகம். மூன்றாம் நாள் குருதிப் பரிசோதனை செய்யுங்கள் என்ற அறிவுரை, ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நில்லுங்கள் என்ற அறிவுரையாகவே அவர்களுக்குக் கேட்கிறது. எனவே அருகிலுள்ள மருந்தகத்தில் காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் சேர்த்து ஏதாவது தரும்படி கேட்கின்றனர். பெரசிற்றமோல் கிடைத்தால் பாதகமில்லை. வலி கடுமையாக இருக்கிறது என்று கூறி இபுபுரூபன், டைக்லோபெனக், மெபனமிக் அசிட் போன்ற வலிநிவாரணிகளில் ஒன்றை வாங்கி உட்கொண்டால் அது டெங்கு நோயாளிக்கு உட்குருதிப் பெருக்கை உண்டாக்கக்கூடும். அஸ்பிரினும் அவ்வாறே. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலுடன் வருபவருக்கு இவற்றைக் கொடுக்கக்கூடாது என்பது சுகாதார அமைச்சின் திரும்பத் திரும்ப வந்த அறிவுறுத்தலாகும். மருந்தகத்தின் சுவரில் அவ்வறிவுறுத்தல் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று அடுத்த முறை செல்லும்போது வாசகர்கள் பார்க்கலாம்.

மொழியின் விடயத்துக்கு வருவோம். கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மறு ஆண்டின் 16ஆவது திருத்தம், வடக்கு கிழக்குக்கு வெளியேயும் ஒருவர் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை வழங்கியது. 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் இணைவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் எனச் சுற்றறிக்கையும் வெளியானது. காகிதத்தில் குறை ஏதுமில்லை. ஆனால் தலைநகரின் வெளிநோயாளர் பிரிவுகளில், சிங்களம் அறியாத முதியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் துணையுடன் தன் நோயை விளக்கும் காட்சி இன்றும் அரிதானதன்று. சில வேளைகளில் மொழிபெயர்ப்பது பத்து வயதுப் பேரப்பிள்ளை. தன் மாதவிடாய்க் கோளாற்றையோ மூலநோயையோ முன்பின் அறியாதவர் மூலம் கூற நேரும் பெண்ணொருவர் எதைக் கூறுவார், எதை மறைப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. மறைக்கப்பட்டதை வைத்தியர் எவ்வாறு கண்டறிவார்? பிழையான நோயறிதலுக்கு அங்கேயே வித்திடப்படுகிறது.

எம்மவர் ஒருவருக்கு நேர்ந்ததைக் குறிப்பிடுவது பொருந்தும். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மருந்தெடுக்கும் அவர், அரச வைத்தியசாலை ஒன்றின் மாதாந்தச் சிகிச்சையகத்தில் ஒரு மருந்தைப் பெற்றுவந்தார். இடையே தனியார் வைத்தியர் ஒருவரையும் சந்தித்தார். அவர் எழுதிக்கொடுத்ததும் அதே மெட்போமின்தான். வர்த்தகப் பெயர் மாத்திரமே வேறு. பெட்டியின் நிறமும் மாத்திரையின் வடிவமும் வேறாக இருந்தமையால் இரண்டையும் இரு வேறு மருந்துகள் என்று கருதி, ஏறக்குறைய மூன்று வாரங்கள் இரட்டிப்பு அளவை உட்கொண்டிருக்கிறார். வயிற்றோட்டமும் களைப்பும் தாங்காமல் மீண்டும் சென்றபோதே விடயம் வெளிப்பட்டது. அவர் ஆங்கிலம் நன்கறிந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது.

மருந்தின் பெயரை நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. பேராசிரியர் சேனக்க பிபிலேயின் வழிகாட்டலில் 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது, வர்த்தகப் பெயர்களின் காட்டிலிருந்து மக்களை மீட்டு இனப்பெயரால் மருந்தை அறியச் செய்வது அக்கொள்கையின் அடிநாதமாக இருந்தது. மூன்றாம் உலக நாடுகள் பலவும் அதனை முன்மாதிரியாகக் கொண்டன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் அதே வழியில் வந்ததே. விலையைக் குறைப்பதற்கான ஏற்பாடாகவே இதனைப் பலரும் பார்க்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மாதத்துக்கு மாதம் வேறு வேறு நாடுகளின் வேறு வேறு பெயர் கொண்ட மாத்திரைகள் கைக்கு வந்தபோது, இனப்பெயரை அறிந்திருப்பது உயிர்ப் பாதுகாப்பு என்பதும் புலப்பட்டது. வெள்ளைக் குளிசை, மஞ்சட் குளிசை, பெரிய குளிசை, பாதிக் குளிசை என்று அடையாளம் வைத்திருந்தவர்கள் அம்மாதங்களில் பட்ட அவதியைச் சொல்லி மாளாது.

தமிழில் எழுதிவிட்டால் மாத்திரம் போதுமா என்றால் அதுவும் இல்லை. அரச நிறுவனங்களின் தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் பலவும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, பின்னர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கப்பட்டவை. எழுத்துப் பிழைகளை ஒருபுறம் விட்டுவிடுவோம். தொற்றா நோய், உயர் குருதி அமுக்கம், குருதிச் சிறுதட்டு என்னும் சொற்கள் பாடநூலுக்குப் பொருத்தமானவை. நாமும் இக்கட்டுரையில் அவற்றையே பயன்படுத்துகின்றோம். ஆனால் கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி விற்கும் பெண்ணுக்கு இருப்பது சீனி வருத்தமும் பிரஷரும். தொற்றா நோய் என்ற தலைப்பைக் கண்டு, தொற்றாத நோய்தானே, தனக்கு என்ன பயம் என்று அவர் அத்தாளை மடித்துவைத்தால் குறை கூறுவது எப்படி? தூய தமிழை வளர்ப்பதற்கு இடங்கள் பல உண்டு. மருந்து உறை அவற்றில் ஒன்றல்ல என்பது எமது தாழ்மையான கருத்து.

சொற்களின்றியே பேசும் முயற்சி ஒன்றும் இங்கு நிகழ்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. சீனி மிகுந்திருந்தால் சிவப்பு, இடைநிலை எனில் செம்மஞ்சள், குறைவெனில் பச்சை. மூன்று மொழியினருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே கணத்தில் புரிகின்ற குறி அது. வீதிச் சமிக்ஞை விளக்கை அறிந்த எவரும் அதனை அறிவர். 2018-19ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வொன்றில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்ட ஒரு நாட்டுக்கு இது சிறிய விடயமன்று. தேநீரில் நாம் கரண்டி கரண்டியாக இடும் சீனிக்கு நிறக்குறி எதுவுமில்லை என்பது வேறு கதை.

இந்நாட்டின் பொதுச் சுகாதாரப் பெருமை உண்மையில் அச்சடித்த தாள்களால் வந்ததன்று. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. அதன் வழியே வளர்ந்த அமைப்பில், பயிற்சி பெற்ற மருத்துவிச்சி தன் பிரிவிலுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் நடந்து சென்றார். திண்ணையில் அமர்ந்தார், தாயின் மொழியில் பேசினார், மாமியாரின் ஆட்சேபங்களுக்கும் பதில் கூறினார், அடுத்த மாதம் திரும்பவும் வந்து, சொன்னது நடந்ததா என்று பார்த்தார். 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் உயிரிழந்த நாட்டில் அவ்வீதம் இந்நூற்றாண்டில் 40க்கும் கீழே இறங்கியதற்கு, வைத்தியசாலைகளின் விரிவுடன் இந்தத் திண்ணை உரையாடல்களும் காரணமாகும். 1945ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கேள்வி கேட்கத் தெரிந்த தாய்மாரை உருவாக்கியது. அவுஸ்திரேலிய மக்கட்தொகையியலாளர் ஜோன் கால்ட்வெல் 1986ஆம் ஆண்டில், வருமானம் குறைந்திருந்தும் மரண வீதத்தைக் குறைத்த இடங்களாக இலங்கை, கேரளம், கொஸ்தாரிக்கா ஆகியவற்றை எடுத்துக்காட்டி, பெண்களின் கல்வியையும் தன்னுரிமையையும் முக்கிய காரணங்களாகக் குறிப்பிட்டார்.

மருத்துவிச்சி இன்றும் இருக்கிறார். ஆனால் அவருடைய பணி தாய்க்கும் சேய்க்கும் உரியது. நீரிழிவுக்காரரான ஐம்பது வயது ஆணின் வீட்டுக்கோ, டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் கடைச் சிப்பந்தியின் அறைக்கோ செல்வதற்கு எவரும் நியமிக்கப்படவில்லை. அடுக்குமாடியின் காவலாளி எந்த உத்தியோகத்தரையும் உள்ளே விடுவதில்லை என்ற முறைப்பாடும் உண்டு. காலம் மாறியது, நோய்களும் மாறின, திண்ணைக்கு மாற்றீடாக எதுவும் வரவில்லை. அந்த வெற்றிடத்தையே இன்று கைத்தொலைபேசிச் செய்திகள் நிரப்புகின்றன.

அறியாமை என்றதும் ஏழைகளையும் பாமரரையும் நோக்கிக் கைநீட்டும் பழக்கம் எம்மிடையே உண்டு. கொவிட்-19 காலம் அப்பழக்கத்துக்குச் சரியான பாடம் புகட்டியது. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணி மருந்தைப் பெறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் சுகாதார விதிகளை மறந்து திரண்டனர். அதே பாணியை அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி பகிரங்கமாகவே அருந்திக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று உறுதியானது. நாட்டின் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவரே சான்றற்ற மருந்துக்கு விளம்பரமான பின்னர், வரிசையில் நின்றவர்களைக் குறை கூற எவருக்கும் அருகதை இல்லை.

இதைவிடப் பாரதூரமானது கட்டாயத் தகன விவகாரம். நல்லடக்கம் செய்வதையும் அனுமதிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியிருந்தபோதிலும், 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றால் இறந்த அனைவரது உடல்களும் தகனம் செய்யப்பட்டன. நிலத்தடி நீர் மாசடையும் என்று கூறப்பட்ட காரணத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியை அடுத்துக் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பகுதிகள் வாரக்கணக்கில் முடக்கப்பட்டிருந்த வேளையில், அங்கு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும்? பரிசோதனைக்குச் சென்றால் தொற்று உறுதியாகும். இறக்க நேர்ந்தால் மார்க்கக் கடமையின்றி உடல் எரிக்கப்படும். இந்த அச்சம் நிலவும் இடத்தில், அறிகுறி இருந்தால் உடனே வாருங்கள் என்ற ஒலிபெருக்கி அறிவித்தலுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? அரசாங்கம் 2024 ஜூலையில் இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வரவேற்கத்தக்கதே. எனினும் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அடுத்த தொற்றுநோய் வரும்போது அதே வாய் கூறும் உண்மையும் சந்தேகத்துடனேயே கேட்கப்படும்.

இதற்கு இன்னுமொரு சான்றும் உண்டு. 2019ஆம் ஆண்டில் சின்னமுத்து நோயை ஒழித்த நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 2023இல், அந்நோய் மீண்டும் பரவியது. 2024 ஜனவரியில் கொழும்பு உட்பட ஒன்பது மாவட்டங்களில் குழந்தைகளுக்கு மேலதிக தடுப்பூசி வழங்க வேண்டி நேர்ந்தது. கொவிட் காலத்தில் சிகிச்சையகங்கள் தடைப்பட்டமை இதற்கு ஒரு காரணம். தடுப்பூசி பற்றிய வதந்திகளும் ஐயங்களும் அந்த இடைவெளியில் புகுந்துகொண்டமை மற்றொன்று. தடுப்பூசி ஏற்றலில் உலகமே மெச்சிய நாட்டில் இவ்வாறு நிகழ்வது எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது.

எனவே சுகாதார அறிவு என்பதை மக்களுக்கு ஊட்டப்படவேண்டிய ஒன்றாக மாத்திரம் நோக்குவது சரியாகாது. கேட்பவருக்கு விளங்குமாறு பேசத் தெரிந்திருப்பது, பேசுகின்ற அதிகாரத்துக்கும் வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் உரிய தகைமையாகும். அந்தப் பரீட்சையில் யார் எத்தனை புள்ளி பெறுவர் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை.

செய்யவேண்டியவற்றுள் செலவு குறைந்தவை பல. நோயாளிக்கு மருந்தைக் கொடுத்த பின்னர், விளங்கியதா என்று கேட்பதை விடுத்து, வீட்டுக்குச் சென்று இதை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லவைப்பது உலகின் பல நாடுகளில் பயன் தந்துள்ள எளிய முறையாகும். விளங்கியதா என்று கேட்டால் எம்மவர் தலையாட்டுவர். வைத்தியரின் முன் இல்லை என்று கூறுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எமது இரத்தத்தில் ஊறியது. ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பார்க்கவேண்டிய வைத்தியருக்கு இதற்கு நேரமேது என்ற கேள்வியில் நியாயமுண்டு. மருந்து விநியோகிக்கும் சாளரத்தில் தமிழறிந்த ஒருவரை அமர்த்தி இப்பணியை ஒப்படைக்கலாம். மருந்து உறையில் காலை, பகல், இரவு என்பவற்றைப் படமாக அச்சிட்டு, இனப்பெயரைத் தமிழிலும் எழுதலாம். தமிழ்ப் பிரசுரங்களை வெளியிடுமுன் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பத்துப் பேரிடம் கொடுத்து வாசிக்கவைத்து, எங்கே தடுமாறுகின்றனர் என்று பார்த்துத் திருத்தலாம். எமது பக்கத்திலும் பொறுப்புண்டு. ஆலயங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் சனசமூக நிலையங்களும் குருதிக் கொடை முகாம்களுடன் நின்றுவிடாமல், மழைக்காலம் தொடங்குமுன் ஒரு மாலையை இதற்கென ஒதுக்க முடியும். கொழும்பில் தமிழ் பேசும் வைத்தியர்களுக்குக் குறைவில்லை.

டெங்குவைப் பொறுத்தவரையில் ஒரேயொரு தாள் போதும். காய்ச்சல் தொடங்கிய திகதியை எழுத ஒரு கட்டம். மூன்றாம் நாள் குருதிப் பரிசோதனை. பெரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி வேண்டாம். காய்ச்சல் விட்டபின் இரண்டு நாட்கள் விழிப்பாக இருங்கள். வயிற்றுவலி, சத்தி, சிறுநீர்க் குறைவு கண்டால் நள்ளிரவானாலும் 1990 இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நுளம்புக் குடம்பிகளைத் தேடி வீடு வீடாக வரும் பரிசோதகர்களின் கைகளில் வழக்குப் பத்திரங்கள் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றுடன் இத்தாளையும் அவ்வீட்டின் மொழியில் கொடுத்தனுப்புவதற்கு மாநகர சபைக்கு வெளிநாட்டு உதவியோ புதிய சட்டமோ தேவைப்படாது.